குழாயடியில் கண்டது

ஞாபகார்த்தக் கிண்ணப் போட்டிக்கு மலர் போடுகிறோம், பழைய மத்தியஸ்தர் என்ற முறையில் நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டு மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். செயலாளர் பௌஸ்தான் கதைத்தார். மற்ற இருவரும் இஞ்சித் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, சுவரில் தொங்கும் என் பழைய படத்தையும் கதிரையில் இருந்த என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். படத்தில் எனக்கு வயிறு இல்லை.

"சிரிப்பா எழுதுங்க சேர். மைதானத்தில நீங்க அடிச்ச பகிடியள எழுதினாலே போதும், சனம் வாசிக்கும்" என்றார் பௌஸ்.

எழுதுகிறேன் என்றேன். அப்படியே, போகிற போக்கில் சொல்வதுபோல், இன்னொன்றும் சொன்னார். உதைபந்தாட்டத்துக்கு மாவட்டச் சங்கத்தால் புதுச் சட்டம் ஒன்று வந்திருக்கிறதாம். ஒவ்வொரு பாதியிலும் இரண்டு நிமிடம் ஆட்டத்தை நிறுத்தி எல்லாரையும் தண்ணீர் குடிக்க விட வேண்டுமாம். நம்முடைய கிண்ணத்தில் அது வேண்டாம் என்று கமிட்டி முடிவெடுத்துவிட்டதாம்.

"ஏன் வேணாம்?" என்று கேட்டேன்.

"யார்ட பேரில கிண்ணம் சேர்? நஸீர் நானா நோன்போட, ஒரு சொட்டுத் தண்ணி கேக்காம விளையாடி மைதானத்தில விழுந்த மனுசன். அவர்ட பேரில போட்டிய வெச்சிட்டு, நடுவில போத்தலத் தூக்கிக்கொண்டு நிக்கிறதா? மலர்ட முதல் பக்கத்திலயும் அதத்தான் போட்டிரிக்கம். ஒரு சொட்டும் கேளாத வீரன் எண்டு. படத்துக்குக் கீழ."

"அச்சடிச்சாச்சா?"

"இன்னும் இல்ல. உங்கட கட்டுரைக்குத்தான் காத்துக்கொண்டு இரிக்கம்."

நஸீர் விழுந்த ஆட்டத்துக்கு நான்தான் மத்தியஸ்தர். படத்துக்குக் கீழே வரப்போகிற அந்த வசனம் பொய் என்று தெரிந்தவனும் நான் ஒருவன்தான். பௌஸ் இதை அறியாமல் சரியான ஆளிடம் வந்து சரியான கேள்வியைக் கேட்காமல் போய்விட்டார். வாசலில் செருப்பைப் போடும்போது, "பகிடிய மறந்திராதீங்க" என்று இன்னொரு தடவை சொன்னார்.

பகிடியை மறக்கவில்லை. இந்தக் கட்டுரையே ஒரு பகிடியைப் பற்றியதுதான்.

நான் இரண்டு தடவை ஓய்வு பெற்றவன். தபால் கந்தோரிலிருந்து ஐம்பத்தைந்து வயதில். மத்தியஸ்தர் வேலையிலிருந்து அதற்கும் பத்து வருடம் முந்தி. ஓய்வு பெற்றவனுக்கு நாட்டு நடப்பு முழுவதும் சொந்த வேலையாகிவிடுகிறது. காலைப் பாணுக்கும் பருப்புக்கும் இடையில் பத்திரிகையை விரித்தால் பத்து மணிக்குள் அரசாங்கத்தைக் கலைத்துவிடுவேன். சீனி வருத்தக் குளிசை போடுவதற்குள் புது மந்திரிசபை தயார். பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த காலத்தில், பாலாவியில் ஒருவன் மோட்டார் சைக்கிளோடு இடையில் புகுந்தான். பழைய பழக்கத்தில் என் கை தானாக உயர்ந்தது. "நீ யாரு, ரெப்ரியா?" என்றான். உண்மையைச் சொன்னால் நம்பமாட்டான் என்று கையை இறக்கிக்கொண்டேன். இருபத்திரண்டு வருட அதிகாரம் அந்த இடத்தில் பெற்றோல் இல்லாமல் நின்றது.

உலகக் கிண்ணம் வந்தால் வீட்டில் தொலைக்காட்சி எனக்குத்தான். ஆனால் ஒரு வீரர் யாரும் தொடாமல் தரையில் விழுந்தால் நான் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவேன். "கால் விறைச்சிட்டா?" என்று மனைவி உள்ளே இருந்து கேட்பாள். ஓம் என்பேன். பதின்மூன்று வருடமாக என் கால் விறைத்துக்கொண்டே இருக்கிறது.

மத்தியஸ்தர் வேலை படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். கல்லச்சில் பிரதியெடுத்த ஒரு சட்டப் புத்தகம், புத்தளத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் ஆறு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, ஒரு பரீட்சை. பரீட்சையில் நான் இரண்டாவது. எழுதியவர்கள் மூன்று பேர். மிச்சமெல்லாவற்றையும் ஜுனைத் மாஸ்டரிடம் படித்தேன்.

மாஸ்டர் எங்கள் மத்தியஸ்தர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர். பகலில் கணிதம் படிப்பிப்பார். மெலிந்த மனிதர். வெயிலோ மழையோ, குடையோடு மூலைக் கொடிக்குப் பக்கத்தில் நிற்பார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. நாங்கள் பிழை விட்டால் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவார், அவ்வளவுதான். அந்தக் குடை கை மாறுவதைக் கண்டு நான் இரண்டு தடவை தண்ட உதையைத் திருப்பி எடுக்கப் பார்த்திருக்கிறேன்.

ஆட்டத்துக்கு முன்னால் அவர் சொல்லித் தந்த ஒழுங்கு மாறாது. வலையில் ஓட்டை இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்க வேண்டும், கண்ணால் அல்ல. பந்தைப் பெருவிரலால் அமர்த்திப் பார்க்க வேண்டும். கையில் இரண்டு மணிக்கூடு. ஒன்று ஓட, மற்றது நிற்க. கற்பிட்டிப் பக்கம் சோளகக் காற்று வீசும் மாதங்களில், காற்றுக்கு எதிராக ஊதினால் விசில் சத்தம் உனக்கே கேட்காது என்பதால் எப்போதும் காற்றுக்கு முதுகைக் கொடுத்து ஓட வேண்டும். ஆட்டம் முடிந்தால் அறிக்கையை மைதானத்திலேயே எழுத வேண்டும். "காலக் கழுவினாப் பொறகு எழுதுறது அறிக்கை இல்ல, கதை" என்பார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொல்லுவார். "மத்தியஸ்தருக்கு அரைநேரம் இல்ல. அவனுகள் இளைப்பாறுற பத்து நிமிசத்திலதான் அடிபிடி ஆரம்பிக்கும். நீ சுத்தி நட. ஆரும் உன்னக் கண்டா நீ கண்ண எடுக்காத. அவன் எடுக்கட்டும்."

அந்த ஒழுங்கை நான் நன்றாகப் படித்தேன். நடுமைதானத்தில் ஒருவன் முறைத்தால் நானும் முறைப்பேன். அவன் கண்ணைத் தாழ்த்தியதும் ஒரு பகிடி விடுவேன். சூடு இறங்கிவிடும். "ரெப்ரி பொல்லாத வாய்க்காரன்" என்று பெயர் வந்தது. எனக்கு அது விருதுபோல இருந்தது. கொஞ்சம் புத்தகம் வாசிக்கிறவனுக்குத் தன் வாய்மீது இருக்கிற மரியாதை பொல்லாதது.

நஸீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்னாரிலிருந்து தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றியபோது, ஆறு வயதில் தோணியில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவன். ஆலங்குடாப் பக்கத்து முகாமில் வளர்ந்தான். அவர்கள் அணியை ஊரில் எல்லாரும் மன்னார் செட் என்பார்கள். இருபது வருடம் இங்கே இருந்தாலும் பெயர் மாறவில்லை. அவன் பின்வரிசையில் நடுவே விளையாடுவான். கதை குறைவு. நான் அவனுக்கு ஒருநாளும் அட்டை காட்டியதில்லை, அந்த நாள் வரை. கலியாணம் முடித்து, ஒரு பெண் குழந்தை. நுரைச்சோலைப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் வேலை.

நாட்டில் சண்டை முடிந்து இரண்டாவது வருடம். பாதை திறந்துவிட்டது. மன்னார் செட்டில் பாதிப்பேர் பெருநாள் முடிந்ததும் ஊருக்குப் போய்க் காடு வெட்டி வீடு போடுவது என்று முடிவெடுத்திருந்தார்கள். நஸீரும் அதில் ஒருவன். ஆனால் எங்கள் ஊர் அணியோடு அவர்கள் ஆட வேண்டிய இறுதி ஆட்டம் ஒன்று மிச்சம் இருந்தது. நோன்புக்கு முந்தி நடந்தபோது அடிபிடியில் நின்றுபோன ஆட்டம். பெருநாளுக்குப் பிறகு வைத்தால் ஆள் இல்லை. ஆகவே நோன்பிலேயே, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வைப்பது என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது. அவர்கள் ஒத்துக்கொண்ட ஒரே விடயம் அது.

மாஸ்டருக்கு விருப்பமில்லை. குடை கை மாறியது. கடைசியில் ஒரு பாதிக்கு முப்பத்தைந்து நிமிடம் என்று வெட்டிக் குறைத்தார். தண்ணீரைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. நோன்பில் தண்ணீரைப் பற்றி என்ன கதை.

ஆட்டம் தொடங்கும்போது காற்று மணலை வாரி அடித்தது. என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. நானும் நோன்பு. எல்லைக்கோட்டில் ஓடிய இருவரும் நோன்பு. பார்க்க வந்த சனத்தில் முக்கால்வாசியும் நோன்பு. அத்தனை தாகமும் ஒரு மைதானத்தில் கூடியிருந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. முதல் பாதியில் மன்னார் செட் ஒரு கோல் போட்டது. நஸீர் இரண்டு தடவை பந்தை விட்டுவிட்டு ஆளை நோக்கி ஓடினான். வழக்கமாக அப்படிச் செய்கிறவன் இல்லை. என் குறிப்புக் கொப்பியில் அதை எழுதவில்லை. அது குற்றம் அல்ல, வெறும் தடுமாற்றம்.

அரைநேரத்தில் நான் சுற்றி நடந்தேன்.

மைதானத்தின் மேற்குப் பக்கம் பள்ளிவாசலின் பின்சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி, தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளூ எடுக்க நாலு குழாய். நான் சுவரைச் சுற்றி வந்தபோது நஸீர் கடைசிக் குழாயடியில் குந்தியிருந்தான். வேறு யாரும் இல்லை. குழாய் திறந்திருந்தது. இரண்டு கையையும் சேர்த்துக் கிண்ணம்போல் பிடித்து, தண்ணீரை ஏந்தி வாய்க்குக் கொண்டுபோயிருந்தான். உதடு தண்ணீரில் பட்டிருந்தது. தொண்டை இன்னும் அசையவில்லை.

அவன் நிமிர்ந்து என்னைக் கண்டான்.

நான் கண்ணை எடுக்கவில்லை. யோசித்துச் செய்ததல்ல. இருபத்திரண்டு வருடப் பழக்கம். ஒரு நொடி, இரண்டு நொடி. அவன் கண்ணைத் தாழ்த்தினான். வாயில் இருந்த தண்ணீரைக் கொப்புளித்து மணலில் துப்பினான்.

"வாய் கொப்புளிச்சன் சேர்" என்றான்.

அத்தோடு நான் போயிருக்கலாம். ஆனால் எதிராளி கண்ணைத் தாழ்த்தினால் பகிடி விடுவது என் ஒழுங்கு.

"பெருநாளுக்கு இன்னும் பத்து நாள் கிடக்கு மகன்" என்றேன்.

அவன் சிரித்தான். பல் தெரிய நல்லாத்தான் சிரித்தான். குழாயைப் பூட்டினான். முகத்தைக்கூடக் கழுவவில்லை. எழும்பும்போது சுவரில் கை வைத்தான். நான் அதைக் கண்டேன். கண்டு, விசில் ஊத நேரமாகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்தேன்.

இதை வாசிக்கிற சிலர் மார்க்கத்தைப் பற்றி ஏதும் சொல்லக்கூடும். ஆகவே சொல்லிவிடுகிறேன். உயிருக்கு ஏலாத இடத்தில் நோன்பை விடலாம், விட வேண்டும், பிறகு வேறொரு நாளில் பிடித்துக் கழாச் செய்யலாம். இது குர்ஆன் மதரஸாவில் முதல் வருடம் படிக்கிற பாடம். நஸீருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். படைத்தவன் அவனுக்கு அந்தத் தண்ணீரைத் தடுக்கவில்லை. அவன் ஒதுக்குப்புறமாக வந்ததும் படைத்தவனுக்கு ஒளித்து அல்ல, எங்களுக்கு ஒளித்து. ஊர் அணி ஆட்கள், 'முகாம்காரன் நோன்பை விட்டுட்டு விளையாடினான்' என்று அடுத்த நோன்பு வரைக்கும் கதைப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். அந்த ஊர் முழுவதும் என் உருவத்தில் சுவரைச் சுற்றி வந்து அவன் முன்னால் நின்றது.

நான் முகத்தைத் திருப்பியிருக்க வேண்டும். செய்ய வேண்டியிருந்தது அவ்வளவுதான். காணாத மாதிரி இரண்டு எட்டுப் பின்னால் வைத்திருந்தால், மூன்று மிடறு.

இரண்டாவது பாதி. இருபத்து மூன்றாம் நிமிடம். பந்து எங்கேயோ கிடக்கிறது, நஸீர் தங்கள் கோலுக்கு முன்னால் தனியே நிற்கிறான். முழங்கால் மடிந்து பக்கவாட்டில் விழுந்தான். கிட்ட ஒருவரும் இல்லை. ஒரு கோல் முன்னால் நிற்கிற அணி நேரத்தைக் கடத்துவதற்கு விழுவது உலகத்தில் எல்லா மைதானத்திலும் நடக்கிறது. சனம் கூக்காட்டியது.

"நடிப்பு, நடிப்பு."

"கார்டப் போடு ரெப்ரி. படுத்து நித்திர கொள்றான்."

"பாய் கொண்டுவந்து குடுங்கடா."

நான் ஓடிப்போய் அவனுக்கு மேலே நின்றேன். மணிக்கூட்டைப் பார்த்துப் பத்து நொடி கொடுத்தேன். அது ஒழுங்கு. "எழும்பு மகன், எல்லாரும் பாக்கிறாங்க" என்றேன். அவன் கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலால் எதையோ பார்த்தது. நான் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து, சனத்துக்குத் தெரிகிற மாதிரி, உயர்த்திப் பிடித்தேன். சனம் கைதட்டியது.

அவர்களுடைய கோல்காப்பாளன் ஓடிவந்து குந்தி நஸீரின் கழுத்தில் கை வைத்தான். வைத்த கையைச் சட்டென்று எடுத்தான்.

"சேர், இவனுக்கு வேர்க்கல்ல" என்றான்.

அப்போதுதான் பார்த்தேன். நாங்கள் எல்லாரும் வேர்வையில் நனைந்திருந்தோம். நஸீரின் நெற்றி, கை, கழுத்து எல்லாம் காய்ந்து, மணல் ஒட்டாமல் உதிர்ந்துகொண்டிருந்தது. தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய தாச்சியைத் தொட்டதுபோல் இருந்தது. யாரோ வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தலையில் ஊற்றினார்கள். ஒருவன் கையில் ஏந்தி வாயில் விடப் போனான். "வாயில ஊத்தாத, நோன்பு" என்று கோல்காப்பாளன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். நான் கண்டேன். அந்த நேரம் விட்டிருந்தாலும் அவன் விழுங்கியிருக்க மாட்டான் என்று பிறகு வைத்தியர் சொன்னார். பிறகுதான் சொன்னார்.

முச்சக்கரவண்டி ஒன்றில் மூன்று பேர் மடியில் கிடத்திக் கொண்டுபோனார்கள். காயப்பட்டவர் வெளியேறினால் பந்தைத் தரையில் விட்டு ஆட்டத்தைத் தொடரலாம் என்று சட்டம் இருக்கிறது. நான் சட்டப்படி தொடர்ந்தேன். மிச்சம் பன்னிரண்டு நிமிடம், நின்ற நேரம் ஐந்து நிமிடம், எல்லாம் ஓடி முடித்தேன். மன்னார் செட் வென்றது. அவர்கள் துள்ளவில்லை. கிண்ணத்தை ஒருவன் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வாகனம் தேடினான்.

நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் இருந்தோம். மாஸ்டர் எனக்குப் பக்கத்தில். பாங்குக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. காதில் வைத்துக் கேட்டார். "சரி" என்றார். சட்டைப் பையில் வைத்தார். பாங்கு ஒலித்தது. எல்லாரும் பேரீச்சம்பழத்தை எடுத்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், கஞ்சிக் கோப்பையைத் தூக்கினார்கள். நான் மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தேன். குடித்து முடிக்கும்வரை மாஸ்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய கிளாஸ் அப்படியே இருந்தது.

"குடிச்சிட்டியா?" என்றார்.

"ஓம் மாஸ்டர்."

"நஸீர் மௌத்து."

பிறகு தன்னுடைய கிளாஸை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

மஃரிப் தொழுதுவிட்டு, பள்ளிவாசல் விறாந்தையிலேயே என்னை இருத்தி அறிக்கைப் படிவத்தை முன்னால் வைத்தார். என் கெண்டைக்காலில் இன்னும் மைதானத்து மணல். நான் எழுதினேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தார். ஒழுங்கு நடவடிக்கை என்ற கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது ஏன் வெறுமையாக் கிடக்கு?"

"மௌத்தான மனுசனுக்கு எப்பிடி மாஸ்டர்…"

"மௌத்தாக முந்திக் குடுத்தது தானே. எழுது. எத்தினயாம் நிமிசம்?"

"இருபத்தி மூணு."

"காரணம்?"

நான் பேனாவால் கட்டத்தின் கோட்டையே திரும்பக் கீறினேன்.

"நீ அந்த நேரம் என்ன நினைச்சாயோ அத எழுது. இப்ப தெரிஞ்சத எழுதாத."

நேரத்தைக் கடத்தியமை, என்று எழுதினேன். மாஸ்டர் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் படிவத்தைப் பார்த்துக்கொண்டே, "வேற ஏதும் கண்டியா?" என்று கேட்டார்.

அறிக்கையில் அரைநேரத்துக்குக் கட்டம் இல்லை. பள்ளிவாசல் குழாயடிக்கும் கட்டம் இல்லை. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல மாஸ்டர்."

அவர் பேனாவின் மூடியைத் தேடி எடுத்தார். பிறகு மூடினார். அவருக்கு ஏதும் தெரிந்திருக்குமோ என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். கேட்பதற்கு அவரும் இப்போது இல்லை.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் மரண விசாரணை. "அரைநேரத்தில ஆள் எப்பிடி இருந்தார்?" என்று விசாரணை அதிகாரி கேட்டார். "நடந்துதான் போனார்" என்றேன். அதில் பொய் இல்லை. உடம்புச் சூடு தலைக்கு ஏறியது என்று முடிந்தது. விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை வெங்காயம் கிண்டிவிட்டு வந்திருந்தானாம். எனக்கு அது அப்போதுதான் தெரியும். ஜனாஸா அன்றே அடக்கம். நான் மூன்று பிடி மண் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து, நஸீரின் மாமனார் தபால் கந்தோருக்கு வந்தார். பெஞ்சில் இருந்து, வரிசை முடியும்வரை காத்திருந்து, என்னிடம் வந்தார்.

"பிள்ள உங்களிட்ட ஒண்டு கேக்கோணுமாம்" என்றார். "இத்தாவில இரிக்கா. நீங்கதான் வரோணும்."

போனேன். கல்லுக்கட்டிய சுவர், கிடுகுக் கூரை. விறாந்தையில் கட்டுக்கட்டாகச் சாமான் கிடந்தது. ஊருக்குப் போவதற்கென்று முன்னரே கட்டி வைத்தவை, யாரும் அவிழ்க்கவில்லை. எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். உள்வாசலில் பச்சைச் சீலை தொங்கியது. கணவனை இழந்து இத்தாவில் இருக்கிற பெண் அந்நிய ஆணுக்கு முகம் காட்டுவதில்லை. சீலைக்கு அப்பால் குழந்தை ஒன்று சிணுங்கியது, யாரோ தட்டினார்கள், நின்றது.

"சேர் வந்திரிக்கார் மகள்" என்றார் மாமனார்.

சீலையின் கீழ்விளிம்பு அசைந்து நின்றது.

"அவருக்கு ஆரோ தண்ணி ஊத்தினதாமே" என்று சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு பொம்புள சொல்றா, வாயில விட்டாங்க, நோன்பு முறிஞ்சிட்டெண்டு. இன்னொராள் இல்லையெண்டு சொல்றார். எனக்கு அது தெரியோணும். அவர் நோன்போடதான் போனாரா?"

"ஓம்" என்றேன்.

"நீங்க கண்ணால கண்டீங்களா?"

"கண்டன். ஊத்த வந்தாங்க, விடல்ல. ஒரு சொட்டும் உள்ளுக்குப் போகல்ல."

"அதுக்கு முந்தி? விளையாட்டில?"

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சீலை மூன்று அடி தூரத்தில். என் வாயைப் பற்றி ஊரில் பெரிய பேச்சு. அந்த வாய் திறந்து, "குடிக்கல்ல" என்று மட்டும் சொன்னது.

அழுகிற சத்தம் கேட்டது. துக்கத்தில் அழுகிற அழுகை இல்லை அது. பாரம் ஒன்று இறங்கினால் வருகிற அழுகை. "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். "ரெப்ரி கண்டதெண்டா சரிதான். மகளுக்கு இதச் சொல்லித்தான் நான் வளக்கப்போறன்."

என் தீர்ப்பை எதிர்க்கேள்வி இல்லாமல் ஒரு மனுசி ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். மாமனார் தேத்தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்தேன். அந்தக் கிழமையே முழங்கால் வருத்தம் என்று மாஸ்டரிடம் கடிதம் கொடுத்துவிட்டு விசிலை வைத்தேன். அவர் முழங்காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இத்தா முடிந்ததும் அவர்கள் மன்னாருக்குப் போய்விட்டார்கள்.

நான் பேசாமல் இருந்ததற்கு இரண்டு காரணம் வைத்திருந்தேன். ஒன்று நல்ல காரணம்: அவளுக்கு இருந்த ஒரே ஆறுதலை நான் ஏன் கெடுக்க வேண்டும். மற்றது உண்மையான காரணம்: பயம். பதின்மூன்று வருடம் நல்லதைக் காட்டி உண்மையானதை மறைத்தேன். ஆனால் ஆறுதலாகக் கொடுத்த சொல்லை இப்போது கமிட்டி தூக்கிப்பிடிக்கிறது. நஸீர் ஒரு சொட்டும் கேட்கவில்லை, நீயும் கேட்காதே என்று இருபது வயதுப் பிள்ளைகளைச் சோளகத்தில் ஓடவிடப் போகிறார்கள். அதற்கும் நான் தலையாட்டினால், இரண்டாவது தடவையும் குழாயடியில் போய் நிற்கிறவன் நான்தான்.

ஆகவே பௌஸ், படத்துக்குக் கீழே இருக்கிற வசனத்தை எடுத்துவிடுங்கள். தண்ணீருக்கு ஆட்டத்தை நிறுத்துங்கள். இரண்டு நிமிடம் போதாது, மூன்று கொடுங்கள். அந்த நேரம் மத்தியஸ்தரை வேறு பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையை வெட்டினால் மலரே வேண்டாம். நான் பள்ளிவாசலில் எழும்பி நின்று சொல்லுவேன். மன்னாருக்கு ஒரு பிரதி கட்டாயம் அனுப்புங்கள்.

தங்கச்சி, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அன்றைக்கு நான் சொன்னது பொய் இல்லை. அவர் நோன்போடுதான் போனார். ஆனால் அவருக்குத் தாகமாக இருந்தது. உங்களிடமும் பிள்ளையிடமும் திரும்பி வருவதற்காக அவர் தண்ணீரைக் கையில் ஏந்தி வாய் வரைக்கும் கொண்டுபோனார். அதில் அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றதால் துப்பினார்.

மகளுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.